ஒட்டகத்துக்கு எட்டாத குடை

ஏப்ரல் 2, ஞாயிறு

எலுமிச்சை மண்டிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. மூன்று மாதமாக டி.வி. மேல் தூசி அடைந்து கிடந்தது. இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம், வாயைத் திறக்கமாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். எழுதமாட்டேன் என்று கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். ‘பூங்கனியும் மகாராஜாவும்’ என்று எண்பத்தாறில் ஒரு படம் வந்தது. சர்க்கஸ்காரர்கள் அத்துவிட்டுப் போன கிழட்டு ஒட்டகம் மகாராஜா. அதைப் பூங்கனி என்கிற சின்னப் பெண் கடற்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போகிற கதை. சண்டை கிடையாது, பெரிய நடிகர் கிடையாது. மற்ற ஊர்களில் இரண்டு வாரத்தில் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். எங்கள் புளியங்குடி ராஜகுமாரி தியேட்டரில் மட்டும் பொங்கலுக்குப் போட்ட படம் பங்குனி வரைக்கும் ஓடியது. எனக்கு ஒன்பது வயது. அப்பா அந்தத் தியேட்டரில் கேண்டீன் நடத்தினார், அதனால் எனக்கு டிக்கெட் இல்லை. எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. தூர்தர்ஷனில் ஒரே ஒருமுறை போட்டார்கள், அன்றைக்கு ஊரில் கரண்ட் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு காட்சியும் மனப்பாடம். என் மகளுக்கே பூங்கனி என்றுதான் பேர் வைத்தேன். தூங்க வைக்கிற ராத்திரி எல்லாம் அந்தக் கதைதான் சொன்னேன்.

இப்போது அதைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். எடுக்கிற குழுவில் என் மகளே உதவி இயக்குநர். டைரக்டரிடம் இந்தக் கதையைச் சொன்னதே அவள்தான். ஆரம்பத்தில் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். நேற்று போஸ்டர் வந்தது. மகாராஜாவுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டியிருக்கிறார்கள். சலங்கை இடது காலில் இருக்க வேண்டியது, கழுத்தில் கிடக்கிறது. போனில் பிடிபிடி என்று பிடித்தேன். கனி முடிக்கிற வரைக்கும் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: “அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். படம் வர்ற வரைக்கும் வெளிய யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசாதீங்க. வந்த பெறகு கடைசி எழுத்து வரைக்கும் உக்காந்து பாருங்க. அதுக்கப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க.”

சரி என்றுவிட்டேன். இந்தப் படம் முடிந்தால் அடுத்ததில் அவளை இணை இயக்குநராக ஏற்றுவதாக டைரக்டர் சொல்லியிருக்கிறார். நாலு வருஷம் சென்னையில் காய்ந்த பிள்ளை. நான் கெடுப்பேனா?

ஏப்ரல் 5, புதன்

பிலோமினா டீச்சருக்கு இன்று என் டிரைவிங் ஸ்கூலில் ஏழாவது வகுப்பு. முன்னால் போகச் சொன்னால் சங்கரன்கோவில் ரோட்டில் சிட்டாகப் போகிறார். ரிவர்ஸ் என்று சொன்னால் வண்டியை அணைத்துவிடுகிறார். பின்னால் பார்க்காமல் பின்னால் போக முடியாது டீச்சர் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

பேச்சு வாக்கில் ரீமேக் பற்றி அவரே எடுத்தார். திண்டுக்கல்லில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்தாராம். கடைசியில் அழுத அழுகையில் மூக்குத்தி கழன்று விழுந்ததாம். அழுவதற்கு அதில் என்ன இருக்கிறது? விடியற்காலையில் உப்பளத்து வழியாகப் பூங்கனியும் மகாராஜாவும் நடந்து போவார்கள். அவள் கையில் கறுப்புக் குடை. ஒட்டகத்துக்குப் பிடிப்பாள், எட்டாது, ஆனாலும் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே போவாள். ஒட்டகம் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். படம் முடிந்துவிடும். டீச்சர் வேறு ஏதோ யானைப் படத்தோடு போட்டுக் குழப்பிக்கொண்டார். வாக்குக் கொடுத்திருப்பதால் திருத்தவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு கிளட்ச்சை விடச் சொன்னேன்.

ஏப்ரல் 8, சனி

கிளட்ச் பிளேட் போய்விட்டது. மெக்கானிக் திங்கள்கிழமைதான் வண்டியைத் தருவானாம். வீட்டில் சும்மா உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்தால் என் வீட்டுக்காரி செண்பகத்துக்குப் பிடிக்காது. பரணில் இருந்து மாவடு பானையை இறக்கச் சொன்னாள், இறக்கினேன், திரும்ப ஏற்றச் சொன்னாள்.

கனி பேசினாள், அம்மாவிடம்தான். பிப்ரவரியில் தூத்துக்குடி உப்பளத்தில் இரண்டு நாள் நின்றதில் குதிகால் பொத்துப்போனது இன்னும் ஆறவில்லையாம். படப்பிடிப்பு மார்கழியிலேயே முடிந்தது என்றாளே, பிப்ரவரியில் உப்பளத்தில் என்ன வேலை என்று போனை வாங்கிக் கேட்டேன். ஏதோ விட்டுப்போன வேலை என்றாள்.

போன வருஷம் தீபாவளிக்கு வந்தபோது ஒன்று கேட்டாள், இப்போது ஞாபகம் வருகிறது. “அப்பா, அந்தக் கடைசிக் காட்சியை நீங்க கண்ணால பாத்தீங்களா, இல்ல யாரும் சொல்லிக் கேட்டதா?” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னைப் போய் இப்படிக் கேட்கிறாயே என்றேன். அன்று சாயங்காலம் அவள் என் அக்கா பிரமு வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒண்ணு. செண்பகம் பாயசம் வைத்திருந்தாள், தொடவில்லை.

காலை பத்து மணிக்கு ட்ரெய்லர் வந்தது. ஒட்டகம் ரயில் கேட் பக்கத்தில் விழுந்து கிடக்கிறது. பூங்கனி அதன் கண்ணை மூடுகிறாள். அந்த டைரக்டர் ஒரு பேட்டியில் பல்லைக் காட்டிக்கொண்டு, கடைசிப் பத்து நிமிஷம் கைக்குட்டை இல்லாமல் பார்க்க முடியாது என்கிறான். கொன்றுவிட்டார்கள். மகாராஜாவைக் கொன்றுவிட்டார்கள். குடை எங்கே? உப்பளம் எங்கே? உப்பளத்துக்குப் பதிலாக ஏழெட்டு ஜீப் துரத்துகிறது.

‘ராஜகுமாரி பெஞ்ச் டிக்கெட்’ வாட்ஸ்அப் குழுவில் எங்கள் செட்டு முழுக்கக் கொதித்துக் கிடக்கிறது. அத்தனை பேரும் என்னோடு படித்தவர்கள், அந்தத் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். செல்போன் கடை சாகுல் ஹமீது மட்டும் ஒரு விஷயத்தில் மாறுபட்டான். கடைசியில் மஞ்சள் எழுத்தில் ‘நன்றி. மீண்டும் வருக’ என்று வரும். அதில் இருக்கிற ரோஜாப்பூ இடது மூலையில் என்கிறான். வலது மூலை என்று நான் அடித்துச் சொன்னேன். இரண்டு இலையோடு, வலது மூலை. எனக்கா தெரியாது?

ஏப்ரல் 15, சனி

பேசிவிட்டேன்.

மத்தியானம் சாகுல் கடைக்கு சார்ஜர் மாற்றப் போனேன். உன்னைப் போல் அந்தப் படத்தைத் தெரிந்தவன் தமிழ்நாட்டில் கிடையாது, நீ பேசாவிட்டால் யார் பேசுவார்கள் என்று ஏற்றிவிட்டான். ஸ்கூல் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன். குடையைச் சொன்னேன், சலங்கையைச் சொன்னேன், மஞ்சள் எழுத்து ‘நன்றி. மீண்டும் வருக’வையும் ரோஜாப்பூவையும் சொன்னேன். சின்ன வயசில் எங்களுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷமான முடிவை மாற்ற உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்கும்போது ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினேன். ‘மகாராஜாவைக் கொன்றவர்களுக்கு ஒரு தகப்பனின் கேள்வி’ என்று தலைப்புப் போட்டு அந்த வீடியோவைச் சாகுல் இணையத்தில் ஏற்றினான்.

கனி பேரை நான் சொல்லவில்லை. அதனால் இது வாக்கு மீறியதில் சேராது.

ஏப்ரல் 16, ஞாயிறு

லட்சத்துக்கு மேல் பார்த்துவிட்டார்களாம். பஜாரில் கை கொடுக்கிறார்கள். தென்காசியில் இருந்து ஒருவர் போன் செய்து, படம் வந்தால் தியேட்டர் வாசலில் மறியல் செய்வோம் என்கிறார்.

கனி போன் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தூங்குவாள்.

ஏப்ரல் 18, செவ்வாய்

கனி கூப்பிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஆபீசில் அத்தனை பேரும் அந்த வீடியோவைப் பார்த்தார்களாம். ‘கோமதிநாயகம் டிரைவிங் ஸ்கூல்’ என்று கார் கதவில் எழுதியிருக்கிறது, அவள் இனிஷியல் கோ. என்பது எல்லோருக்கும் தெரியும். டைரக்டர் கூப்பிட்டு, உங்க அப்பாவா என்று மட்டும் கேட்டாராம். ஆமாம் என்றாளாம்.

முடிவை மாற்றினால் நான் கேட்கக்கூடாதா என்று ஆரம்பித்தேன். அவள் முடிவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

“நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்ப்பா. அதைக்கூட உங்களால செய்ய முடியல. இந்தப் படத்துல எனக்குன்னு ஒரே ஒரு இடம் இருந்துச்சு. இப்ப அதையும் தூக்கிருவோமான்னு பேசிக்கிட்டு இருக்காங்க.”

என்ன இடம் என்று கேட்டேன். சொல்லவில்லை. வைத்துவிட்டாள். செண்பகம் அடுக்களையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாடு போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வீடு தாங்காது.

ஏப்ரல் 20, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

படக் கம்பெனிக்காரர்கள் பழைய படத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டார்கள். லேபில் இருந்த பிரிண்ட்டாம். உப்பளம் இருக்கிறது. குடை இருக்கிறது. ஒட்டகம் திரும்பிப் பார்க்கிறது. ஆனால் படம் அங்கே முடியவில்லை. தொடர்ந்து நடக்கிறார்கள். ரயில் கேட் வருகிறது. மகாராஜா முன்னங்காலை மடக்கி உட்கார்கிறது, சாய்கிறது. பூங்கனி அதன் கண்ணை மூடுகிறாள். ‘வணக்கம்’ என்று வெள்ளை எழுத்து. மஞ்சள் இல்லை, ரோஜாப்பூ இல்லை.

கீழே ஆயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள். “அங்கிள், நன்றி மீண்டும் வருக தியேட்டர்காரன் போடுற ஸ்லைடு” என்று ஒருத்தன். என் படத்தை வெட்டி, புகை பிடிக்காதீர் விளம்பரத்தோடு ஒட்டி, ‘எனக்குப் பிடித்த கிளைமாக்ஸ்’ என்று இன்னொருத்தன்.

பொய். இது வேறு பிரிண்ட். பின்னால் எடுத்து ஒட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு ஊரே பார்த்திருக்கிறோம்.

ஏப்ரல் 21, வெள்ளி

புதிதாகச் சேர்ந்த பையன்கள் இருவர் வண்டியை விட்டு இறங்கும்போது “நன்றி, மீண்டும் வருக” என்றார்கள். பெட்ரோல் போட்டேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு

பிரமு அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைவிட நாலு வயது மூத்தவள், அவளுக்கும் ஞாபகம் இருக்கும், வந்து ஒரு வார்த்தை சாட்சி சொல்லட்டும் என்றுதான் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என் முன்னாலும் ஒரு கட்டைத் தூக்கிப் போட்டாள். உருவிக்கொண்டே கேட்டேன், கடைசியில் ஒட்டகம் சாகவே இல்லைதானே என்று.

அக்கா நிமிரவில்லை. “செத்துச்சுல. மொத நாள் மொத ஆட்டம் நாமதான் போனோம். ஒட்டகம் விழுந்ததும் நீ சீட்டுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டே. நாந்தான் இழுத்துட்டு வந்தேன்.”

எனக்கு அப்படி ஒரு நாளே ஞாபகம் இல்லை. அவள் சொல்லச் சொல்ல வேறு யாரோ ஒரு பையன் கதையைக் கேட்கிற மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே எனக்குக் காய்ச்சலாம். கஞ்சி குடிக்கவில்லை. கண்ணைத் திறந்தால் மகாராஜாவை எழுப்பு, மகாராஜாவை எழுப்பு என்று ஒரே புலம்பல். டாக்டர் ஊசி போட்டும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா தியேட்டர் முதலாளியிடம் போனாராம். மகனுக்குக் காய்ச்சல் என்று போனால் துரத்திவிடுவார் முதலாளி. அதனால் அப்பா வியாபாரம் பேசியிருக்கிறார். பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே வருகின்றன, ஒருத்தரும் முறுக்கு வாங்குவதில்லை, இனிமேல் பிள்ளைகளைக் கூட்டி வரமாட்டோம் என்று பொம்பளைகள் பேசிக்கொள்கிறார்கள், கூட்டம் படுத்துவிடும் என்று. முதலாளி ஆபரேட்டரைக் கூப்பிட்டு, உப்பளத்தோடு நிறுத்திவிட்டு நம்ம ஸ்லைடைப் போடு என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் படம் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது.

“நாலாம் நாளு அப்பா ஒன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனாரு. மகாராஜா எந்திரிச்சிட்டாம்ல, வா காட்டுதேன்னு. நீ பாத்தே. வந்து ரெண்டு தோசை தின்னே.”

கீரையை வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அக்கா முந்தானையால் கையைத் துடைத்தாள். “அப்பா, பிள்ளைகிட்டச் சொல்லாதேன்னாரு. சொல்லல. அப்புறம் நீ பெரிய ஆளா ஆயிட்டேன்னு எங்கிட்ட யாரு வந்து சொன்னா?”

கனி போன தீபாவளிக்கே வந்து கேட்டாளாம். அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். டைரக்டரிடம் நான் சொன்ன முடிவைத்தான் கதையாகச் சொல்லியிருக்கிறாள் கனி. உரிமை வாங்கி பிரிண்ட்டைப் போட்டுப் பார்த்தால் வேறு முடிவு. ஆபீசில் எல்லோர் முன்னாலும் அசிங்கப்பட்டிருக்கிறாள். அத்தையிடம் உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “அப்பாகிட்டச் சொல்லாதீங்க அத்தை” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறதே என்று சாகுல் முனகினான். அப்பா செய்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். “அப்ப நாம பாத்தது ஒங்க அப்பா எடுத்த படமாடே?” என்றான். எடுத்துவிட்டான். ஆனால் ஊரெல்லாம் ஆளாளுக்கு இறக்கி வைத்திருக்கிறார்களாம், அதை யாரும் எடுக்க முடியாதாம்.

ஏப்ரல் 27, வியாழன்

கனிக்கு நாலு தடவை போட்டேன். அம்மா போனில் இருந்து போட்டால் எடுக்கிறாள், என் குரல் கேட்டதும் வேலை இருக்கிறது என்கிறாள். மன்னித்துக்கொள் என்று எழுதி அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக் வந்தது.

பிலோமினா டீச்சர் இன்று ரிவர்ஸ் எடுத்தார். கம்பம் தப்பியது, கோழி ஒன்றும் தப்பியது. நீங்கள் அழுதது சரிதான் டீச்சர், நான்தான் தப்பு என்றேன். அவருக்குப் புரியவில்லை. சொன்னதும், எங்க ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருந்திருக்கலாம் என்றார்.

மே 5, வெள்ளி

படம் வந்துவிட்டது. ராஜகுமாரியில் நாலு காட்சி. நான் போகவில்லை. செண்பகமும் அக்காவும் காலைக் காட்சிக்குப் போனார்கள். மறியல் செய்கிறேன் என்ற தென்காசிக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தாராம்.

மூக்கு சிவக்க வந்தாள் செண்பகம். நல்லாத்தான் இருக்கிறது, கூலிங்கிளாஸ் ஒரே ஒரு பாட்டில்தான் என்றாள். கனி பேர் எந்த இடத்தில் வந்தது என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். பெரிய ஆட்கள் பேர் ஆரம்பத்திலேயே போட்டுவிட்டார்கள், மற்றவர்கள் பேர் எல்லாம் கடைசியில். ஒட்டகம் விழுந்து திரை இருட்டானதும் லைட்டைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான் ஆபரேட்டர். கூட்டத்தோடு கூட்டமாக வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

சாயங்காலம் செண்பகம் கனியிடம் இதைச் சொன்னாள். அதற்கு அவள், “எல்லா ஊர்லயும் அப்படித்தான்மா பண்ணுதாங்க. அதைத் தூக்க வேண்டாம்னு டைரக்டர்கிட்டப் போராடி வச்சேன். யாரும் பார்க்க மாட்டாங்கன்னு அவர் விட்டுட்டாரு. சரியாத்தான் சொல்லியிருக்காரு” என்றாளாம். எதை என்று செண்பகம் கேட்பதற்குள் வைத்துவிட்டாளாம்.

கடைசி எழுத்து வரைக்கும் என்று அவள் அன்றைக்குச் சொன்னது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

மே 6, சனி

மேட்னி போனேன், தனியாக. பக்கத்தில் அக்காவும் இல்லை, சீட்டுக்கு அடியில் படுக்க வயசும் இல்லை.

குறை சொல்ல நிறைய இருந்தது. முதல் அரை மணி நேரம் சொல்லிக்கொண்டே பார்த்தேன். அந்தச் சின்னப் பெண் நன்றாக நடிக்கிறாள். ரயில் கேட் வந்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மகாராஜா சாய்ந்தது. கண்ணை மூடாமல் பார்த்தேன். பொங்கிப் பொங்கி அழுதேன், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தாறு வயசுக்கு அது அதிகம்தான்.

உடனே லைட். கதவு திறந்து வெயில். திரையில் ஏதோ அசைகிறது, வெளிச்சத்தில் தெரியவில்லை, ஒரு விநாடியில் அதுவும் நின்றுவிட்டது. கூட்டுகிற பெண்கள் வந்து காலைத் தூக்கச் சொன்னார்கள்.

நேராக ஆபீஸ் ரூமுக்குப் போனேன். பழைய முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது மகன் தர்மராஜ் அண்ணாச்சி. கடைசி வரைக்கும் லைட்டைப் போடாமல் ஓட்ட வேண்டும் என்றேன். மகள் பேர் வருகிறது என்றும் சொன்னேன். அவர் இரக்கமாகத்தான் பார்த்தார். அஞ்சு நிமிஷம் ஓடுகிறது நாயகம், நாலு காட்சிக்கு இருபது நிமிஷம், அடுத்த ஆட்டத்துக்கு ஜனம் வெயிலில் நிற்கிறது, கட்டுபடியாகாது என்றார்.

அப்பா எப்படிப் பேசியிருப்பார் என்று யோசித்தேன். மகள் பேச்சை விட்டுவிட்டேன். அண்ணாச்சி, ஜனம் அழுதுகொண்டே வெளியே போகிறது, உங்கள் கேண்டீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி முடித்தால் அப்புறம்தான் பசிக்கும். கூட்டமும் ஒரே நெருக்காக வாசலில் விழாது. நாளைக்கு ஒரு காட்சிக்குப் பாருங்கள், விற்காவிட்டால் அந்த வடைக்கெல்லாம் நான் பொறுப்பு.

தர்மராஜ் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். “ஒங்க அப்பா பேசுன மாதிரியே பேசுதீரு வே. எங்க அய்யா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு, அந்த முறுக்குக்காரனுக்கு வந்தது வியாபாரக் கவலை இல்லைன்னு எனக்குத் தெரியாதான்னு.”

நாளை மேட்னிக்கு ஓட்டச் சொல்லிவிட்டார்.

மே 7, ஞாயிறு

செண்பகம், அக்கா, சாகுல், பிலோமினா டீச்சர் எல்லோரையும் கூட்டிப்போனேன். டீச்சருக்கு நேற்று லைசென்ஸ் கிடைத்தது, அவர்தான் வண்டி ஓட்டினார்.

மகாராஜா விழுந்தது. நான் மறுபடியும் அழுதேன். திரை இருட்டானது. பழக்கத்தில் எல்லோரும் எழுந்தார்கள், லைட் வரவில்லை, கதவு திறக்கவில்லை. தடவிக்கொண்டு பாதிப் பேர் நடையில் நிற்கும்போது திரையில் வெளிச்சம் வந்தது.

விடியற்காலை. உப்பளம். வலது ஓரமாகப் பேர்கள் ஓட, இடது பக்கம் பூங்கனியும் மகாராஜாவும் நடந்து போகிறார்கள். ஜீப் இல்லை, கூலிங்கிளாஸ் இல்லை. இடது காலில் சலங்கை. அவள் கையில் கறுப்புக் குடை. ஒட்டகத்துக்கு எட்டவில்லை. கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே போகிறாள்.

நடையில் நின்ற ஒரு குழந்தை, “ஐ, எந்திரிச்சிருச்சு!” என்றது. நின்றவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உதவி இயக்கம் என்று வந்தது. கோ. பூங்கனி. செண்பகம் சத்தமாகப் படித்தாள். ஒட்டகம் திரும்பிப் பார்த்தது. கடைசிப் பேரும் மேலே போனது. அப்புறம் திரை நிறைய மஞ்சள் எழுத்து, கையால் எழுதினது. ‘நன்றி. மீண்டும் வருக.’ மூலையில் ரோஜாப்பூ.

கூட்டுகிற பெண்கள் விளக்குமாற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேண்டீனில் வடை தீர்ந்துவிட்டது என்று அண்ணாச்சி வந்து சொன்னார். இனி எல்லாக் காட்சிக்கும் ஓட்டுவாராம்.

வாசலில் நின்று கனிக்குப் போட்டேன். எடுத்தாள்.

“கடைசி எழுத்து வரைக்கும் பாத்தேம்மா” என்றேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. உப்பளத்தில் அவளும் ஒரு கேமராமேனும் அந்தக் குழந்தையும் ஒட்டகமும் மட்டும்தானாம். இரண்டு நாள் விடியலுக்குக் காத்திருந்து எடுத்தார்களாம். தியேட்டர் முழுக்க உட்கார்ந்து பார்த்தது என்றேன், குழந்தை சொன்னதையும் சொன்னேன். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் சும்மா நின்றேன்.

அப்புறம் கேட்டாள், “அந்த ஸ்லைடு நானே கையால எழுதுனதுப்பா. சின்ன வயசுல நீங்க சொன்னதை வச்சு வரைஞ்சேன். ரோஜாப்பூ எல்லாம் சரியா வந்திருக்கா?”

பூவை இடது மூலையில் வரைந்திருக்கிறாள். இலையும் ஒன்றுதான்.

“அச்சு அசல் அப்படியே இருக்கும்மா” என்றேன்.